கால் மரத்தவர் கீழே விழாமல் இருக்க: நீரிழிவு நரம்புப் பாதிப்பும் தள்ளாட்டமும் – முழுமையான வழிகாட்டி

காலையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய மறுநொடியே உடல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. கை தானாகவே வாஷ்பேசினின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. கண்ணைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. என் தந்தை இதைப் பல மாதங்கள் யாரிடமும் சொல்லாமல், பித்தம் ஏறிவிட்டது என்று தாமே ஒரு முடிவுக்கு வந்து, சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பித்தமும் இல்லை, தலைச்சுற்றலும் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இருந்த சர்க்கரை நோய் அவருடைய பாத நரம்புகளை மெல்ல அரித்துவிட்டிருந்தது. தரை எங்கே இருக்கிறது என்ற செய்தி பாதத்திலிருந்து மூளைக்குப் போவது குறைந்து, அந்த வேலையைக் கண்கள் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தன. கண்ணை மூடினால் காலடியில் தரையே இல்லாதது போல ஆனதற்குக் காரணம் அதுதான்.

இந்த அடையாளம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் பணியாற்றிய மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர், தண்டுவட நோய் ஒன்றால் பாதிக்கப்பட்டவர்கள் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் தள்ளாடுவதைக் குறித்துவைத்தார். இன்றும் நரம்பியல் மருத்துவர்கள் செய்யும் அந்தச் சோதனைக்கு அவர் பெயரே இருக்கிறது. நம்மிடையே சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பு என்றால் எரிச்சல், ஆறாத புண், விரலை எடுப்பது ஆகிய மூன்றையும்தான் பேசுகிறோம். கீழே விழுவதை மட்டும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அப்படி எழுதக்கூடாது என்பதற்காகவே இந்த வழிகாட்டி. படிகளை வரிசையாகச் செய்வது நல்லது. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் விழுந்திருந்தால் மட்டும், வீட்டைச் சீர்செய்யும் நான்காம் படியை இன்றே தொடங்கிவிட்டு மற்றவற்றுக்கு வரலாம்.

பாதம் செய்தி அனுப்பாமல் போவது எப்படி

நாம் விழாமல் நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து தகவல் கேட்கிறது: கண், உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு, பாதம் மற்றும் கணுக்காலின் உணர்வு. கீழ்முதுகிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஓடும் நரம்பிழைகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ளவை. உடலிலேயே நீளமான இழைகளைத்தான் சர்க்கரை நோய் முதலில் தாக்குகிறது. ஆகவே மரமரப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டது போல மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் வேளையில் கைவிரல்களிலும் தலைகாட்டுகிறது.

இந்த இழைகளில் மெல்லியவை வலி, எரிச்சல், சூடு ஆகியவற்றைச் சுமக்கின்றன. தடித்தவை அதிர்வையும், அழுத்தத்தையும், மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியையும் சுமக்கின்றன. சமநிலைக்கு உதவுபவை தடித்த இழைகள். இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும். இரவெல்லாம் பாதம் எரிகிறது என்று தவிப்பவர் நேராக நடக்கலாம். எரிச்சலே இல்லாதவர் தள்ளாடலாம். என்னைக் கேட்டால் இரண்டாமவருக்கே ஆபத்து அதிகம் என்பேன், ஏனென்றால் வலி இல்லாத காலை யாரும் சந்தேகிப்பதில்லை.

உணர்வோடு சேர்ந்து தசையும் குறைகிறது. பாதத்தின் சிறு தசைகளும் முன்பாதத்தைத் தூக்கும் தசையும் வலுவிழப்பதால், நடக்கும்போது விரல்நுனி மிதியடியின் ஓரத்திலோ நிலைப்படியிலோ தட்டுகிறது. தட்டியது தெரிவதற்கும் கால் தாமதிக்கிறது. இதை ஈடுகட்ட, அவர் தம்மையறியாமலே கால்களை அகட்டி வைத்து, அடியைச் சுருக்கி, கண்ணைத் தரையில் பதித்து நடக்கிறார். அந்த நடையைப் பார்த்தவுடன் அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

முதல் படி: வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

கருவி எதுவும் தேவையில்லாத ஒரு சோதனை இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானது. சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். மற்றவர் தம் ஆட்காட்டி விரலின் நுனியால், இரு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் முனையை ஒன்றிரண்டு நொடி மென்மையாகத் தொட வேண்டும். அழுத்துவதோ தட்டுவதோ வருடுவதோ கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர் சொல்வார். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், காயம் படுவதை உணர்த்தும் பாதுகாப்பு உணர்வு பாதத்தில் குறைந்துவிட்டது என்று கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அடுத்தது நிற்பது. சுவரின் மூலையில், பக்கத்தில் ஒருவர் கை நீட்டினால் பிடிக்கும் தொலைவில் இருக்க, கண்ணைத் திறந்தபடியே நான்கு நிலைகளில் 10 நொடி வீதம் நின்று பாருங்கள்: பாதங்கள் ஒட்டியபடி, ஒரு பாதம் மற்றதன் பாதி அளவு முன்னே தள்ளியபடி, ஒரு குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி நேர்க்கோட்டில், கடைசியாக ஒற்றைக் காலில். மூன்றாம் நிலையில் 10 நொடி நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் கூடுதலாக இருக்கிறது. பின்பு நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவதற்கு எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் கணக்கிடுங்கள். 12 நொடியும் அதற்கு மேலும் ஆனால் கவனம் தேவை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பதும் தொடைத் தசையைப் பற்றிச் சொல்லும். 70 முதல் 74 வயதுக்குள், ஆண்களில் 12க்கும் பெண்களில் 10க்கும் குறைந்தால் அது சராசரியை விடக் குறைவு.

சில கேள்விகள் எந்தச் சோதனைக்கும் ஈடானவை. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நான்கடி நடந்ததுண்டா? பஞ்சின் மேல் நடப்பது போல் இருக்கிறதா? மின்சாரம் போனால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறீர்களா? கூடத்தில் நடக்கும்போது விரல் தானாகச் சுவரைத் தடவுகிறதா? எங்கள் வீட்டுக் கூடத்தில், இடுப்பு உயரத்தில், சுண்ணாம்பின் மேல் ஒரு நீண்ட பழுப்புக் கோடு இருந்தது. அப்பாவின் விரல்கள் போட்ட கோடு அது. பெயின்ட் அடிக்க வந்தவர் சொல்லித்தான் அதை நாங்கள் கவனித்தோம்.

இரண்டாம் படி: மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும்

சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்கி வருவதோடு பெரும்பாலான வருகைகள் முடிந்துவிடுகின்றன. செருப்பைக் கழற்றி, காலைக் காட்டி, நடக்கும்போது தள்ளாடுகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பது, கணுக்காலின் பின்புறம் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது ஆகிய மூன்றும் சில நிமிட வேலை. பல நீரிழிவு மையங்களில் பயோதீசியோமீட்டர் என்ற கருவியால் அதிர்வு உணர்வை வோல்ட் கணக்கில் அளக்கிறார்கள். 25 வோல்ட்டைத் தாண்டியும் தெரியவில்லை என்றால் பாதிப்பு முற்றியிருக்கிறது என்று பொருள்.

நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. முதலாவது, படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் இரத்த அழுத்தத்தை அளப்பது. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், இரத்தக் குழாய்களை இயக்கும் தானியங்கி நரம்புகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்தால் இது பிடிபடாது. இரண்டாவது, வைட்டமின் பி12 பரிசோதனை. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்குப் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். பி12 குறைபாடும் இதே தடித்த இழைகளைத்தான் தாக்குகிறது, ஆனால் அது ஊசியாலோ மாத்திரையாலோ திருத்தக்கூடியது. திருத்தக்கூடிய ஒன்றைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிட்டு ஆண்டுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கண் பரிசோதனையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பாதத்தின் வேலையைக் கண் பார்க்கிறது என்றால், கண்புரையும் விழித்திரைப் பாதிப்பும் இவர்களுக்கு இரட்டை இழப்பு. மேலும் கீழும் வேறு வேறு பவர் உள்ள கண்ணாடியோடு படியிறங்கினால் படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். தூரப் பார்வைக்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும்.

உடனே போக வேண்டிய சில நிலைகளும் உண்டு. ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்து, வலி மட்டும் பெரிதாக இல்லையென்றால், அது சார்க்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது, பயிற்சியும் கூடாது. திடீரென ஒரு பக்கம் கை கால் விழுந்துபோதல், வாய் குழறுதல், ஓரிரு வாரத்தில் வேகமாக மோசமாகும் பலவீனம், சிறுநீர் போவதில் புதிய தடை ஆகியவற்றைச் சர்க்கரை நரம்புக் கோளாறு என்று காத்திருக்கக் கூடாது.

போன உணர்வு திரும்புமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பாதிப்பு மேலே ஏறுவது மெதுவாகும். முதல் வகை நீரிழிவில் கடுமையான கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பை ஏறத்தாழ 60 சதவீதம் குறைத்ததை 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது; இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதன்று. எண்ணெய்களும், அதிரும் பாதக் கருவிகளும் நரம்பை மீட்டுவிடும் என்ற விளம்பரங்களில் பணத்தைக் கொட்டுவதைவிட, குளியலறையில் கைப்பிடி பொருத்துவது மேல். வெந்நீரில் காலை ஊறவைப்பது தீமையே செய்யும். சூடு தெரியாத கால் வெந்துபோன பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

மூன்றாம் படி: மாத்திரைகளை மேசையில் கொட்டுங்கள்

வீட்டில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் கேட்டு வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எரிச்சலுக்குத் தரப்படும் பிரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரலாம். வலி குறைகிறது என்பது உண்மை, ஆனால் அவை சமநிலையை மீட்பதில்லை. தூக்க மாத்திரை, சிறுநீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் ஆகியவை எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கியோ, மயக்கம் தந்தோ, இரவில் கழிப்பறைக்கு ஓடவைத்தோ விழச் செய்கின்றன. இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை 70க்குக் கீழே இறக்கக்கூடியவை. தாழ்சர்க்கரையில் நடுங்கும் உடலும் உணர்வற்ற காலும் சேர்ந்தால் விழுவது நிச்சயம். தளர்ந்த முதியவருக்கு, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவை இளைஞருக்குரிய அளவுக்கு இறக்கியே தீருவது என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. 8 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் போதும் என்று பல மருத்துவர்கள் தளர்த்துவது இதனால்தான். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எதை மாற்றலாம், எதை இரவுக்குத் தள்ளலாம் என்று கேளுங்கள்.

நான்காம் படி: வீட்டை ஒரு நாள் அவர் கண்ணால் பாருங்கள்

எங்கெல்லாம் கண் மூடுகிறதோ, வெளிச்சம் குறைகிறதோ, தரை ஈரமாகிறதோ அங்கெல்லாம் அவர் விழக்கூடும். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் படுக்கையிலிருந்து எழுவது முதல் இரவு படுப்பது வரை பின்தொடருங்கள்.

முதல் இடம் குளியலறை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஷாம்பூவோ சீயக்காயோ தேய்க்கும்போது கண் மூடியிருக்கும், தலை குனிந்திருக்கும், தரை வழுக்கும். மூன்று ஆபத்துகளும் ஒரே நொடியில் கூடுகின்றன. எனவே உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். அடியில் ரப்பர் பொருத்திய கனமான பிளாஸ்டிக் நாற்காலியோ, குளியலுக்கென்று விற்கும் ஸ்டூலோ போதும். வாளியைத் தரையில் வைத்துக் குனிந்து மொள்ளாமல், இன்னொரு ஸ்டூலின் மேல் வைத்தால் குனிவது குறையும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஊற்றப் பழக வேண்டும்.

கைப்பிடி என்றவுடன் பலரும் துண்டு போடும் கம்பியைக் காட்டுகிறார்கள். அது துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. எங்கள் வீட்டில் அந்தக் கம்பி இரண்டு திருகாணிகளோடும் கொஞ்சம் சுண்ணாம்போடும் அப்பாவின் கையோடு வந்துவிட்டது. நல்லவேளையாக அவர் சுவரில்தான் சாய்ந்தார். முழு எடையைத் தாங்கும்படி சுவருக்குள் ஆழமாகத் துளையிட்டுப் பொருத்தும் எஃகுக் கைப்பிடி வேண்டும். உறிஞ்சு ரப்பரால் ஒட்டும் வகையை நம்ப வேண்டாம். கழிப்பறையின் பக்கச் சுவரில் ஒன்றும், குளிக்கும் இடத்தில் ஒன்றும், குளியலறை வாசலில் ஒன்றும் வையுங்கள். இந்தியன் கழிப்பறையில் குந்தி எழும்போது அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், முழங்காலும் ஒத்துழைக்காது. வெஸ்டர்ன் கழிப்பறையாக மாற்ற வசதியில்லையென்றால், மேலே வைத்துக்கொள்ளும் கமோடு நாற்காலி மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. கதவை உள்ளே தாழிடக் கூடாது என்பதை மானப் பிரச்சினையாக ஆக்கிவிடாமல், சாத்திக்கொள்ளுங்கள், யாரும் வரமாட்டோம் என்று மென்மையாகச் சொல்லிப் பழக்க வேண்டும்.

இரண்டாவது, படுக்கைக்கும் கழிப்பறைக்கும் இடைப்பட்ட இரவு வழி. தரையோரமாக எரியும் சிறு விளக்கு, ஆள் நடமாடினால் தானாக எரியும் விளக்கு, தலையணைக்கடியில் ஒரு டார்ச் ஆகியவை குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் தருபவை. எழுந்தவுடன் நிற்கக் கூடாது; கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழுமாகப் பத்து முறை அசைத்து, ஒன்றிரண்டு நிமிடம் கழித்தே எழ வேண்டும். அடிக்கடி எழ நேர்ந்தால், படுக்கையருகே சிறுநீர்க் குடுவை வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படியும்படி இருக்கட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓரம் மடங்கும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள். நிலைப்படிக்கும் மாடிப்படியின் விளிம்புகளுக்கும் தரையின் நிறத்திலிருந்து மாறுபட்ட மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். மாடிப்படியில், குறிப்பாக இறங்கும்போது, கைப்பிடியைத் தொடாமல் காலெடுத்து வைக்கக் கூடாது. வாசல் தெளித்துக் கோலம் போட்ட நேரத்திலும், வீடு துடைத்த அரைமணி நேரத்திலும் அவர் உட்கார்ந்திருக்கட்டும். பளபளக்கும் டைல்ஸ் ஈரத்தில் எப்படி இருக்கும் என்பது நமக்கே தெரியும். பரணில் எதையும் எடுக்க அவர் ஸ்டூல் மேல் ஏறக் கூடாது. தரையைத் தொடும் வேட்டி, நைட்டி, புடவைக் கொசுவம் ஆகியவற்றை இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டுவது சின்ன மாற்றம்தான்.

ஐந்தாம் படி: செருப்பு

தரையை நன்றாக உணர வெறுங்கால் நல்லதல்லவா என்று தோன்றும். ஆனால் முள் ஏறியது தெரியாத பாதத்துக்கு வெறுங்கால் ஆபத்து. ஆகவே வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். கட்டைவிரலால் இடுக்கிப் பிடிக்கும் ஹவாய்ச் செருப்பு இவர்களுக்கு ஆகாது. இடுக்கும் தசை இல்லை, கழன்றாலும் தெரிவதில்லை. எம்சிஆர் எனப்படும் நுண்துளை ரப்பர் உள்தளமும், குதிகாலைச் சுற்றிய பட்டையும், ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ மூடலும் உள்ளதை வாங்குங்கள். பாதத்தைத் தொடும் தளம் மென்மையாக இருக்கலாம், ஆனால் மொத்த அடிப்பாகமும் மெத்தை போலத் தடிமனாக இருந்தால் மிச்சமிருக்கும் உணர்வையும் அது மறைத்துவிடும். குதிகால் உயரம் கூடாது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்க வேண்டும். காலுறையோடு மட்டும் டைல்ஸில் நடப்பதை அடியோடு நிறுத்துங்கள்.

ஆறாம் படி: பயிற்சி

தினமும்தான் வாக்கிங் போகிறேனே என்பது அப்பாவின் வாதம். நடைப்பயிற்சி சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது. ஆனால் நடப்பதால் மட்டும் சமநிலை வளராது. சமநிலைக்கு, விழுந்துவிடுவோமோ என்ற எல்லையருகே உடலைப் பத்திரமாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முதியோர் பற்றிய ஆய்வுகளை 2019இல் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ 23 சதவீதம் குறைப்பது தெரிந்தது. அதில் சமநிலைப் பயிற்சிக்கே முக்கியப் பங்கு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் வகுத்த வீட்டுப் பயிற்சித் திட்டத்தில் வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்பது கணக்கு. இழந்த உணர்வைப் பயிற்சி திருப்பித் தராது. மிச்சமிருக்கும் உணர்வையும் தசையையும் மூளை கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும்.

பாதத்தில் ஆறாத புண்ணோ, சூடான வீக்கமோ இருந்தால் நின்று செய்பவை எதுவும் வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் முதலில் சர்க்கரையைப் பார்த்து, 90க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுத் தொடங்க வேண்டும். செருப்பு அணிந்து, சமையல் மேடை முன் நின்று, பின்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். மேடையைவிட நல்ல பிடிமானம் வீட்டில் வேறில்லை.

முதல் இரண்டு வாரம் தசைக்கு. உட்கார்ந்து குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவதும், விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதும் பத்துப் பத்து. பழகியபின் மேடையைப் பிடித்து நின்றபடி அதே இரண்டும். பிறகு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெதுவாக எழுந்து, இன்னும் மெதுவாக உட்காருதல். தொப்பென்று விழுந்து உட்கார்வது கணக்கில் சேராது. இறங்கும்போது தசை தாங்குவதுதான் பயிற்சி.

அடுத்து எடையை மாற்றுதல். பாதத்தை நகர்த்தாமல், கணுக்காலிலிருந்தே உடலைத் தராசு முள் போல முன்னும் பின்னும், இடமும் வலமும் சாய்த்து மீள வேண்டும். பின்பு முதற்படியில் சொன்ன நான்கு நிலைகளையும் 10 நொடியிலிருந்து 30 நொடி வரை வளர்க்க வேண்டும். பிடியைக் குறைக்கும் வரிசை முக்கியம்: முதலில் இரு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரே ஒரு விரல்நுனி. எடை எதையும் தாங்காமல் விரல்நுனியால் மேடையை வெறுமனே தொட்டிருந்தாலே ஆட்டம் வியக்கும்படி குறைவதைப் பார்க்கலாம். பாதம் தர மறந்த செய்தியை விரல் தருகிறது. அப்பா சுவரில் போட்ட பழுப்புக் கோட்டின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நிற்பது கைவந்தபின் அசைவைச் சேருங்கள்: நின்றபடி தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புதல், மேடையைத் தொட்டபடி பக்கவாட்டில் நடத்தல், குதிகாலும் விரலும் தொடும்படி நேர்க்கோட்டில் நடத்தல். கண்ணை மூடி நிற்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் மூலையில் முதுகைக் கொடுத்து, முன்னால் நாற்காலி, பக்கத்தில் ஆள் என்று மூன்றும் இருந்தால் மட்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தொடர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். நிறுத்தினால் அதுவும் போய்விடும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அடங்கும். தொடக்கத்தில் ஓர் இயன்முறை மருத்துவர் பார்த்துத் திருத்தினால் தவறான பழக்கம் படியாது.

ஏழாம் படி: கைத்தடியும் வெளியுலகும்

நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் தடியின் உயரம். பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் தலைகீழாகவே செய்கிறார்கள். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். கைத்தடி கிழவனின் அடையாளம் என்று கூச்சப்பட்டு, கறுப்புக் குடையை ஊன்றி நடக்கும் பெரியவர்கள் நம்மூரில் நிறைய உண்டு. குடையின் உலோக முனை சிமென்டில் வழுக்கும், அதன் உயரமும் பொருந்தாது. கூச்சத்துக்கு மதிப்புக் கொடுங்கள், குடைக்குப் பதில் நல்ல தடியைக் கொடுங்கள்.

கோயிலில் வெறுங்காலோடு போக வேண்டியிருப்பதால், வெயில் ஏறுமுன் போவதும், கல் ஈரமான அபிஷேக நேரத்தில் சந்நிதி அருகே நெருக்காமல் இருப்பதும், திரும்பியவுடன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் பழக்கமாகட்டும். பேருந்து முழுதாக நின்றபின் ஏறி, உட்கார்ந்தபின் சீட்டு வாங்கலாம். இருசக்கர வாகனத்தின் பிரேக்கைக் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியாத நிலை வந்துவிட்டால், சாவியை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். எளிதான பேச்சு அல்ல அது.

எட்டாம் படி: விழுந்துவிட்டால்

விழுந்தவரை அக்குளில் கை கொடுத்து இழுத்துத் தூக்க ஓடாதீர்கள். முதலில் அப்படியே இருக்கச் செய்து, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுபவராக இருந்தால், பேச்சு தெளிவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரையைச் சோதித்து, 70க்குக் கீழ் இருந்து நினைவும் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

காயமில்லையென்றால் அவரே எழ வழி உண்டு: ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையூன்றி, மண்டியிட்டு, கனமான நாற்காலிவரை தவழ்ந்து, அதன் இருக்கையில் கைகளை வைத்து, வலுவான காலை முன்வைத்து எழுந்து, திரும்பி உட்காருதல். உடல் நலமாக இருக்கும் நாளில், பாயின் மேல், உதவியோடு இதை ஒத்திகை பார்த்துவிட்டால் விழும் பயமே பாதி குறையும். அந்தப் பயம் சின்ன விஷயமன்று. பயந்து நடமாட்டத்தைக் குறைப்பவருக்குத் தசை இன்னும் வற்றி, அடுத்த வீழ்ச்சி விரைவில் வருகிறது.

பிறகு செருப்பைக் கழற்றி இரு பாதங்களையும் பாருங்கள். மரத்த பாதத்தில் எலும்பு முறிந்தாலும் வலி சொற்பமாகவே இருக்கலாம். வீக்கமும் சூடும் இருந்தால் எக்ஸ்ரே வேண்டும். நாட்டுக் கட்டு இறுக்கிப் போட்டால், அது அறுப்பதும் இரத்த ஓட்டம் நிற்பதும் இவர்களுக்குத் தெரியாமலே போகும் என்பதால் அங்கே போகாதீர்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. விழுந்த நாள், மணி, இடம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், காலில் என்ன இருந்தது, வெளிச்சம் இருந்ததா, சர்க்கரை எவ்வளவு என்பவற்றை எழுதுங்கள். விழப்போய்ச் சுதாரித்துக்கொண்டதையும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒன்றரை ஆண்டில் ஏழு குறிப்புகள் இருந்தன. அவற்றில் ஐந்து, விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே, கழிப்பறை வாசலின் இரண்டு அங்குல நிலைப்படியருகே நிகழ்ந்தவை. கொத்தனாரை அழைத்து அந்தப் படியைச் சரிவாக்கினோம், அரைநாள் வேலை.